அனுமதிக்கப்பட்ட உடம்பு

தில்லுமுல்லு செய்வதாகப் புகார் வந்த ஆட்டக்காரன் திரையில் வலது கையால் இடது முழங்கையை அழுத்திவிட்டுக்கொண்டான். ஒரு தடவை என்றால் அவள் விட்டுத் தள்ளியிருப்பாள். சுவர் ஏறும் முன்னால் ஒன்று, குதித்த பிறகு ஒன்று, சும்மா நின்றபோதுகூட ஒன்று. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த நாள் முதல் அதே இடத்தை அதே மாதிரி அவளும் அழுத்திவிட்டுக்கொள்வாள். எத்தனையோ பேர் கேலி செய்தும் போகாத பழக்கம்.

அவளுக்கு வேலையே இதுதான். ஆயிரக்கணக்கானோர் கண்ணை மறைக்கும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றில் யார் தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று வீட்டிலிருந்தபடியே பார்த்துச் சொல்வாள். அவள் திரையில் தலைக்கு ஒரு புள்ளி, கைகளுக்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான் தெரியும். முகம் கிடையாது. வேண்டியதும் இல்லை. அசைவு ஆளுக்கு ஆள் மாறும், ஒருவருடையதை இன்னொருவர் பழகிக்கொள்ள முடியாது. காவல் மென்பொருளும் அதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கும்.

மாலை நாலு மணி. திரைச்சீலை வழியே வெயில் மஞ்சளாகத் தரையில் கிடந்தது. குளிர்பதனப் பெட்டி உறுமி உறுமி ஓய்ந்தது. நடையின் கோடி அறையில், பள்ளி விடுமுறை என்று காலையிலிருந்தே ஹெட்செட்டும் தலையுமாக ஆடிக்கொண்டிருந்த ஒன்பது வயது மகளின் காலடி தட் தட்டென்று கேட்டபடியே இருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை அவளுக்கு நிம்மதி. வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர்தான்.

இதே அசைவு மொத்தம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தேடினாள். நானூற்றுப் பதினொரு பேர்.

 காரணம் அவளுக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மென்பொருள் புதிதாக வந்தபோது நல்லவன் கெட்டவன் பார்க்காமல் எல்லோரையும் வெளியே தள்ளியது. அவசரத்துக்கு அலுவலகத்தில் இவளை ஒரு காலி அறையில் நிறுத்தி, பந்து எறியச் சொல்லி, குனிந்து நிமிரச் சொல்லி, இருபது நிமிஷ அசைவைப் பதிவு செய்து, இது மனுஷ உடம்பு, என்ன செய்தாலும் உள்ளே விடு என்று மென்பொருளுக்குச் சொல்லி வைத்தார்கள். வேலை முடிந்ததும் அதை நீக்க வேண்டியவள் இவள்தான். அப்புறம் பார்த்துக்கலாம், அப்புறம் பார்த்துக்கலாம் என்றே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டாள். சோம்பேறித்தனம், வேறென்ன.

விளையாட்டைத் தங்கள் இஷ்டத்துக்குத் திருத்துகிற மாடர்கள் கூட்டத்தில் ஒருவனுக்குத் தையல்காரன் என்று பட்டப்பெயர். அவ்வப்போது இவளுக்குத் துப்புக் கொடுப்பவன். அவனைப் போனில் அழைத்தாள். ஒளிக்காமல் ஒத்துக்கொண்டான். போன மாசம் அந்தப் பதிவைக் கிளறி எடுத்து ஆட்டக்காரர் போட்டுக்கொள்ளும் திருத்தமாக, ஒரு ‘மாட்’ ஆகத் தைத்திருந்தார்களாம். அதைப் போட்டுக்கொண்டால் காவல் மென்பொருள் சலாம் வைக்குமாம். உங்கள் உடம்பென்று சத்தியமாகத் தெரியாது என்று மன்னிப்பும் கேட்டான்.

போனை வைக்காமலே பட்டியலைக் கடைசிவரை இறக்கினாள். கடைசிப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. திறந்தாள்.

ஒரு தனியறை. ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அதன் தலைக்கு மேலே மிதந்த பெயர் சுண்டெலி. அது மகள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

குழந்தைக்குப் பின்னால் இரண்டு கைப்புள்ளிகள் மேலும் கீழும் போய் வந்தன. நிதானமாக. வகிடு எடுத்து, மூன்றாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக. பின்னல். அந்த இருபது நிமிஷப் பதிவில் அவள் யாருக்கும் பின்னல் போடவில்லை.

"அந்த ‘மாட்’டை எத்தனை பேருக்குக் கொடுத்த?" போனில் கேட்டாள்.

"நானூத்திப் பத்து மேடம். ஆளுக்கு ஒரு சாவி, நான்தான் கொடுத்தேன். ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"பட்டியல்ல கடைசியா இருக்கிறதுக்குப் பேரே இல்ல. இணைப்பு என் வீட்டிலேருந்து வருது. இங்க இருக்கிறதே ஒரு ஹெட்செட்தான், அது என் பொண்ணு தலையில இருக்கு."

 அவன் மெல்லச் சொன்னான். "அது எங்களோடது இல்ல மேடம். முதல்ல குழந்தையப் போய்ப் பாருங்க."

பார்த்திருக்கலாம். ஆனால் தன் உடம்பை அடுத்தவர் போட்டுக்கொண்டு தன் குழந்தையைத் தொடுகிறார்கள் என்ற கொதிப்பில் விரல் முந்திக்கொண்டது. பதிவை நீக்கினாள். திரையில் ஒரு வரி வந்தது. இந்த உடம்புக்கு இனி அனுமதி இல்லை.

நானூற்றுப் பத்துப் பேர் ஒரே நொடியில் அணைந்தார்கள்.

அது அணையவில்லை. எழுந்து நின்றது. அவள் உயரம். குழந்தையின் பக்கம் கையை நீட்டியது.

கோடி அறையில் காலடிச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

ஓடினாள். நாற்காலி விழுந்தது. நடை இருட்டாக இருந்தது. கோடி அறைக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. கதவைத் தள்ளினாள்.

மகள் அறை நடுவே நின்றாள். கண்ணை மறைத்து ஹெட்செட். இடது கை பக்கவாட்டில் உயர்ந்திருந்தது, யாரோ பிடித்திருப்பது போல.

"கண்ணு."

மகள் திரும்பவில்லை. பக்கத்தில் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, யாரோ உள்ள வந்திருக்காங்க."

பாய்ந்து ஹெட்செட்டைப் பிடுங்கினாள். குழந்தையின் கண்கள் கூசின. பிறகு தெளிந்தன. இவள் முகத்தைப் பார்த்தன. முழுசாகப் பார்த்தன.

தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை. அனுமதி இல்லாத உடம்பைப் பார்க்கிற பார்வை.

"கண்ணு, நான்தான்டி. அம்மா."

 மகள் ஒரு அடி பின்வாங்கினாள். இன்னொரு அடி. ஒன்றுமே இல்லாத இடத்துக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள்.

மகளின் தோள்பட்டையில், சட்டைத் துணி நான்கு விரல் அகலத்துக்கு அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது. மெதுவாக, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தட்டிக்கொடுத்தது.