கழுத்தளவு புற்றுமண்

போன் அலறியது.

அருள்மொழியின் போன் அல்ல. பக்கத்துக் குழியில் இருந்த ஆள் பெஞ்சு மேல் வைத்திருந்த போன்.

அலறிக்கொண்டே, கூப்பிடுவது யார் என்றும் உரக்கச் சொன்னது ஓர் இயந்திரப் பெண் குரல்.

"ரமேஷ்குமார் கோழிப்பண்ணை... காலிங்!"

அருள்மொழி கண்ணைத் திறந்தான்.

அவனால் திறக்க முடிந்தது கண்ணை மட்டும்தான். கழுத்துக்குக் கீழே எல்லாம் மண். சுடச்சுடக் குழைத்த புற்றுமண். கை எங்கே, கால் எங்கே என்றே தெரியவில்லை. தலையிலும் முகத்திலும் அப்பி, கண், மூக்கு, வாய்க்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள்.

வாசலூர்பட்டி ஏரியைத் தாண்டி, மிளகுத் தோட்டத்துக்குள் ஓர் ஓலைக் கொட்டகை. வாசலில் 'வெந்நீர் ஊற்று மண் குளியல்' என்று போர்டு. ஊற்று என்பது கொட்டகைக்குப் பின்னால் விறகடுப்பில் கொதித்த அண்டா!

தரையில் இரண்டு குழிகள். இரண்டு தலைகள். வேறு யாரும் இல்லை.

போன் ஓய்ந்தது.

"ஏனுங்க... உங்களுக்கு எங்க மச்சானத் தெரியுங்களா?" என்றான் அருள்மொழி.

பக்கத்துத் தலை கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"ரமேஷ்குமார். நாமக்கல்ல கோழிப்பண்ணை. என் சம்சாரத்தோட அண்ணன். அவர்தான் எனக்கு இங்க புக் பண்ணிக் குடுத்தாரு."

பக்கத்துத் தலை பெருமூச்சு விட்டது.

"அந்தாளுகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க... வேலை நேரத்துல போன் பண்ணாதீங்கன்னு!"

"என்ன வேலை?"

"உங்களக் கொல்ற வேலைதானுங்க!"

அருள்மொழி கூரையைப் பார்த்தான். பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மனைவி கவிதா போன பிறகு அவனுக்கு எதுவுமே வர வேண்டிய நேரத்துக்கு வருவதில்லை.

"அப்புறம் ஏன் இன்னும் கொல்லல?"

"அது வந்து..."

"சொல்லுங்க."

"எந்திரிக்க முடியலீங்க!"

"என்னது?"

"நீங்க கண்ண மூடிக் கெடப்பீங்க... வெடுக்குனு எந்திரிச்சு, வேலைய முடிச்சுட்டுப் போயிறலாம்னு பார்த்தேன். மண்ணு குளியல்னா சோப்பு நுரையாட்டம் இருக்கும்னு நெனச்சேனுங்க. இது என்னடான்னா நெஞ்சு மேல சிமெண்ட் மூட்டைய அடுக்குனாப்புல இருக்குது! சுண்டு விரலக்கூட அசைக்க முடியல!"

சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பும் வரவில்லை.

"பேரு?"

"கார்த்திங்க. ஊரு காரவள்ளி. அடிவாரத்துல."

"எதுல கொல்றதா இருந்தீங்க?"

"கத்திதானுங்க. அந்தா... பெஞ்சு மேல, வேட்டிக்குள்ள சுத்தி வெச்சிருக்கேன்."

"கத்தி அங்க. நீங்க இங்க."

"நக்கலு வேண்டாங்க. இன்னுங் கொஞ்ச நேரந்தான். மாதன் சொன்னத நீங்களும் கேட்டீங்கல்ல? மொதல்ல எறங்குனவங்கதான் மொதல்ல வெளிய. மொதல்ல எறங்குனது நானு!"

உண்மைதான். குழி வெட்டி, மண் குழைத்து, ஆளை இறக்கி மூடுகிற மாதன் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"எதுக்காக என்னக் கொல்லச் சொன்னாரு?"

"நீங்க ஏதோ கேள்வி கேட்டீங்களாமே!"

அருள்மொழி மூச்சை இழுத்தான். மண் நெஞ்சை இறுக்கியது.

கேட்டான். ஒரே ஒரு கேள்வி.

மலையிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் கார் கவிழ்ந்தது. ஓட்டியது ரமேஷ்குமார். செத்தது கவிதா. பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். மாதக்கணக்கில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த அருள்மொழி, போன வாரம்தான் வாயைத் திறந்தான்.

'உங்க மேல ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி மச்சான்?'

மறுநாளே மண் குளியலுக்கு டிக்கெட் வந்துவிட்டது!

இப்போது வந்தது பயம். சாவதற்கு அல்ல. பதில் தெரியாமல் சாவதற்கு!

கதவுத் தட்டி விலகியது. மாதன் சின்ன மண்வெட்டியோடு உள்ளே வந்தான்.

"என்னங்க சாமி... ஒடம்பு லேசாச்சுங்களா?"

"பஞ்சாட்டம் ஆயிருச்சுங்க!" என்றான் கார்த்தி அவசரமாக. "மொதல்ல என்னை எடுங்க!"

"எடுக்காதீங்க!" என்று கத்தினான் அருள்மொழி. "அவன் என்னக் கொல்ல வந்திருக்கான்! வேட்டிக்குள்ள கத்தி வெச்சிருக்கான்!"

மாதன் சிரித்தான்.

"சூடு தலைக்கு ஏறுனா இப்படித்தானுங்க. போன வாரம் ஒரு வாத்தியாரு, கூட வந்த சம்சாரத்தப் பார்த்து யானைன்னு ஒரே கூப்பாடு!"

"அய்யோ, நெசமாத்தான் சொல்றேன்!"

"அவரும் நெசந்தான்னு சத்தியம் பண்ணுனாருங்க."

மாதன் கார்த்தியின் குழியருகே உட்கார்ந்து மண்ணை வெட்டத் தொடங்கினான்.

சரக்... சரக்...

கார்த்தியின் வலது தோள் தெரிந்தது.

சரக்...

முழங்கை!

எப்படி நிறுத்துவது? அருள்மொழிக்கு ஒரே வழிதான் இருந்தது. குழிக்குள் இறங்கும் முன்பு மாதன் கேட்டிருந்தான்: 'ஊட்டுல துக்கம் எதும் இல்லீங்களே?' இல்லை என்று பொய் சொல்லியிருந்தான். ஆமாம் என்றால் எல்லோரும் யாரு, எப்போ, எப்படி என்று கேட்பார்கள். அவனால் அதற்கு வாய் திறக்க முடியாது.

திறந்தான்.

"மாதன்... நான் பொய் சொல்லிட்டேன். எங்க ஊட்டுல துக்கம்."

மண்வெட்டி நின்றது.

"யாருங்க?"

"என் சம்சாரம். கவிதா... கவிதா செத்துட்டா. இன்னும் வருஷம் திரும்பல."

அதை அவன் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை.

மாதன் பதறி எழுந்தான்.

"அடப் பாவமே! வருஷம் திரும்பாம மலையேறுனதே தப்பு... இதுல புத்துமண்ணுல எறங்கிட்டீங்களே! சூடங்காட்டி, மன்னாப்புக் கேட்டு எடுத்த மண்ணுங்க சாமி இது! நாகாத்தா எம் பொழப்பக் கெடுத்துருவாளே!"

"அப்ப சீக்கிரம் என்னை எடுங்க!"

மாதன் மண்வெட்டியோடு இந்தக் குழிக்குப் பாய்ந்தான்.

"யோவ்!" கார்த்தி அலறினான். "எனக்கும் தீட்டுதான்யா! எங்கப்பன் செத்துட்டாரு!"

"எப்போங்க?"

"போ... போன வாரம்!"

"உங்க மூஞ்சிக்கு மண்ணு பூசுனவனே நான்தானுங்க. மீசை கொடுவாளாட்டம் முறுக்கிட்டு நின்னுச்சு. போன வாரம் அப்பனுக்குக் கொள்ளி வெச்சவன் மீசையா அது? பேசாம கெடங்க!"

மாதன் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வீசினான்.

கார்த்தி பேசாமல் கிடக்கவில்லை. வெளியே வந்திருந்த வலது கையை பெஞ்சை நோக்கி நீட்டினான். விரல்கள் வேட்டியின் நுனியைத் தொட்டன... இழுத்தன... வேட்டி சரிந்தது!

டங்!

கத்தி தரையில் விழுந்தது.

மாதன் அதைப் பார்த்தான். வாய் பிளந்தது.

"சாமி... நெசமாவா சொன்னீங்க?"

"இழுங்க மாதன்!"

மாதன் அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தான். மண் 'சளக்' என்று விட்டது. அருள்மொழி தவழ்ந்து போய், கார்த்தியின் விரலுக்கும் கத்திக்கும் நடுவே காலை வைத்தான்.

"கைய உள்ள வைங்க," என்றான். கார்த்தி வைத்தான். மாதன் அதன்மேல் இரண்டு கூடை மண்ணைக் கொட்டினான்.

போன் மறுபடி அலறியது.

"ரமேஷ்குமார் கோழிப்பண்ணை... காலிங்!"

அருள்மொழி எடுத்தான். தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டான்.

"ஆச்சு. வாங்க."

வைத்துவிட்டு மாதனிடம் திரும்பினான்.

"போலீசுக்குப் போன் பண்ணிட்டு, அடுப்புப் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால நில்லுங்க. கார்த்தி, நீங்க செத்த பொணமாட்டம் கெடக்கணும். கண்ணத் தொறந்தீங்கன்னா மூக்கு வரைக்கும் ரொப்பச் சொல்லிருவேன்."

"தொறக்கலீங்க! சத்தியமாத் தொறக்கலீங்க!"

ஏரிக்கரையில் காரோடு காத்திருந்த ரமேஷ்குமார் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தான். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மூக்கில் கைக்குட்டை.

குழியில் ஒரு தலை, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அருகே தலை முதல் கால் வரை மண் பூசிய ஓர் உருவம், கையில் கத்தியோடு நின்றது.

"முடிஞ்சுதா கார்த்தி?"

மண் உருவம் தலையாட்டியது.

ரமேஷ்குமார் குனிந்து குழியைப் பார்த்தான். 'த்சொ' கொட்டினான்.

"பாவம், மாப்ள. நல்ல மனுசன்தான். வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். காருக்குள்ள இருந்த எனக்கு ஏன் கீறல் இல்லன்னு கேக்கறான்! நான் காருக்குள்ள இருந்தாத்தானேடா?"

சிரித்தான்.

"பண்ணையில பங்கு வேணும், குடுக்கலைன்னா கோர்ட்டுக்குப் போவேன்னு நின்னா தங்கச்சி. வளைவுல வண்டிய நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டு எறங்கிக்கிட்டேன். அவ்வளவுதான்!"

"கவிதா அப்பத் தூங்கிட்டிருந்தாளா?"

"ஆமா, பின் சீட்டுல நல்லா..."

ரமேஷ்குமார் நிறுத்தினான்.

அந்தக் குரல்!

மெல்லத் திரும்பினான். மண் முகத்தில் இரண்டு கண்கள் அவனையே பார்த்தன. கண்ணுக்குக் கீழே மண் நனைந்திருந்தது.

"மா... மாப்ளே?"

"தூங்கிட்டிருந்தாளா. அது போதும் மச்சான். அதத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன்."

கத்தி கையில்தான் இருந்தது. அருள்மொழி அதைக் கொட்டகை மூலைக்கு விட்டெறிந்தான்.

ரமேஷ்குமார் பின்னால் ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி. மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. அருள்மொழி சற்று முன் எழுந்து வந்த குழி!

தொபுக்கடீர்!

குழம்பிக் கிடந்த மண்ணில் மல்லாக்க விழுந்தான். எழ முயன்றான். புரண்டான். வெள்ளைச் சட்டை போனது. முகம் போனது. இடுப்புக்கு மேல் ஏற முடியவில்லை.

"நான் சாட்சி சொல்றேனுங்க!" கார்த்தி கண்ணைத் திறந்துவிட்டான். "அத்தனையும் கேட்டேனுங்க! மொதல்ல என்னத் தூக்குங்க!"

"பொய்! அவன்தான் கொலகாரன்!" என்று மண்ணைத் துப்பினான் ரமேஷ்குமார்.

செம்மேட்டிலிருந்து போலீஸ் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் விஜயா லத்தியோடு உள்ளே நுழைந்தாள். நின்றாள்.

ஒரு குழியில் ஒரு மண் தலை. இன்னொரு குழியில் ஒரு மண் உடம்பு. பெஞ்சில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க, ஒரு மண் பொம்மை.

"யாருப்பா போன் பண்ணுனது?"

"நான்தானுங்கம்மா," என்றபடி வாளியும் செம்புமாக ஓடி வந்தான் மாதன்.

"இதுல யாருய்யா அக்யூஸ்டு?"

"செத்தப் பொறுங்கம்மா... ஒவ்வொருத்தராக் கழுவித் தாரேன், பார்த்துப் பொறுக்கி எடுத்துக்குங்க!"