வளைகாப்புச் சோறு

நாலாவது நாளாக அன்று காலையிலும் கந்தப்பன் மனைவி நீட்டிய காப்பியை வாங்கவில்லை. வேலூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் குடித்துவிட்டு வந்தார். கடைக்காரரின் கை என்ன சாதி என்று அவர் விசாரித்ததாகத் தகவல் இல்லை.

பொன்னாத்தாள் செய்த குற்றம் இதுதான். இருபத்திரண்டு வருஷமாகத் தங்கள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் மாரக்காளின் மகளுக்கு வளைகாப்பு. போனாள். போனதோடு நில்லாமல், காலனி வீட்டில் உட்கார்ந்து ஐந்து வகைச் சோறும் சாப்பிட்டாள். அதிலிருந்து அவள் கை பட்டதை வீட்டில் யாரும் தொடுவதில்லை. படுக்கையில் கிடந்த மாமியாருக்கு மூன்று வருஷம் பீ மூத்திரம் அள்ளிய கை... அப்போதெல்லாம் அது சுத்தமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு வீட்டில் பங்காளிகள் கூடினார்கள். தலைமை, கந்தப்பனின் பெரியப்பா ராசப்பன். போன மாதம்தான் மேடையில் சமத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். தொண்டை இன்னும் சரியாகவில்லை. தாம்பாளத்திலிருந்து இரண்டு வெற்றிலை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, வாயில் அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“தப்புன்னு எல்லார் காலுலயும் உழுந்து சொல்லீரு அம்மிணி. இல்லீன்னா உன்ற பொறந்த ஊட்டுக்குக் கெளம்பு.”

கந்தப்பன் தரையைப் பார்த்தார்.

பொன்னாத்தாளுக்குக் கண்ணீர் முட்டியது. குரல் நடுங்கவில்லை.

“மாமா, உங்க வாயில இருக்கறது நம்ம தோட்டத்து வெத்தலைங்க. காலையில மாரக்கா கிள்ளி, அவளே தண்ணி தெளிச்சு அடுக்குனது. அவ கை உங்க வாய்க்குள்ளாரயே இருக்குது... நான் அவ ஊட்டுச் சோறு தின்னது மட்டும் எப்படிங்க தப்பாச்சு?”

ராசப்பன் மெல்லுவதை நிறுத்தினார். துப்பினால் இத்தனை வருஷம் தின்றதையெல்லாம் துப்ப வேண்டும். விழுங்கினால் அவள் பேச்சையும் சேர்த்து விழுங்க வேண்டும். உப்பிய கன்னத்தோடு எழுந்து வெளியே நடந்தார். பங்காளிகள் பின்னாலேயே போனார்கள்.

“நான் எங்கயும் போறதா இல்லீங்க,” என்றாள் கணவனிடம். “மாரக்காளைச் சாப்புடக் கூப்புட்டிருக்கறேன். கூடத்துலதான் எல போடறேன். உங்களுக்குப் போடட்டுங்களா, வேண்டாங்களா?”

“அன்னைக்கே உன்னோட நானும் வந்திருக்கோணும்...” கந்தப்பனின் குரல் உடைந்தது. “என்னை மன்னிச்சுரு சாமி.”

மூன்று இலைகளையும் அவரே போட்டார். உள்ளே வந்த மாரக்காள் இலைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“இவரு பக்கத்துல உக்காந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க. நீங்க நடுவுல உக்காருங்க.”

பொன்னாத்தாள் சிரித்துக்கொண்டே நடுவில் உட்கார்ந்தாள். பரிமாற ஆளில்லை. கந்தப்பன் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கினார். மாரக்காள் இலையில் வைத்த முதல் கரண்டியில் பாதி தரையில் விழுந்தது. ஐம்பத்து நாலு வயதில் முதல் பரிமாறல்!