உள்முடிச்சு

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் எழுதுகிற கை இந்த வரியிலேயே விளங்காமல் போகட்டும். போகவில்லை, ஆகவே மேலே படிக்கலாம்.

சோபா தைக்கும் பட்டறையின் முதலாளியம்மா காலை பத்து மணிக்கு நிதானத்தின் வீட்டுக்கு வந்தார். நிதானம் என்பது பட்டப்பெயர். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். களவு, மர்மம் எதுவானாலும் அக்கம்பக்கத்தார் அவரைத்தான் தேடுவார்கள்.

மூன்று நாளைக்கு முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததாம். வளைந்த ஊசி ஒன்றைக் காணோம். பாலிஷுக்கு வைத்திருந்த ஸ்பிரிட் பாதி பாட்டில் குறைந்திருந்தது. கழிவறைக் கண்ணாடி ஆணியை விட்டு இறங்கி, ஜன்னலோரம் ஒரு முக்காலிக்கு எதிரே சாய்ந்து நின்றது. பாலிஷ்காரன் குடித்துவிட்டான் என்பது அம்மாவின் தீர்ப்பு. இன்று மாலையோடு அவனுக்கு வேலை இல்லை.

"குடிதான் அத்தான்," என்றான் நிதானத்தின் மைத்துனன். துப்புத் துலக்குவதில் அவருக்கு வலதுகை. அவசரத்தில் இரண்டு கையும் அவன்தான். "முகத்துல தெரியுதான்னு கண்ணாடியில பார்த்திருக்கான்."

"ஊசி எதுக்கு மாப்ளே?"

மைத்துனன் யோசித்தான். "போதை ஏறிடுச்சான்னு குத்திப் பார்க்க."

பட்டறை வாசலில் ஒரு பலகை தொங்கியது: எங்கள் தையல்காரர் தைத்ததில் முடிச்சைக் கண்டுபிடித்தால் சோபா இலவசம். பதினாறு வருஷமாக ஒருவரும் சோபாவை இலவசமாகத் தூக்கிப் போனதில்லை.

உள்ளே மூன்று பேர். பாலிஷ்காரன் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தான். துணி வெட்டுகிறவர் எனக்கென்ன என்று வெட்டிக்கொண்டிருந்தார். வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தபோது, தையல்காரர் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையில் உட்கார்ந்து, ஃபேனை நிறுத்தச் சொன்னார்.

நிதானம் மூலையில் கிடந்த பழைய சோபாவின் முன் நின்றார். பிரித்துப்போட வந்த சோபா. அதன் கைப்பிடியில் சாண் அகலத்துக்குப் புதுத் துணி ஒட்டுப் போட்டிருந்தது.

"சாகப்போற மாட்டுக்கு லாடம் அடிப்பாங்களா?" என்று கேட்டு, ஒட்டைப் பிரிக்கச் சொன்னார். மைத்துனன் பிரித்தான். உள்ளே காய்ந்த ரத்தம். நடுவில் உடைந்த ஸ்பிரிங் ஒன்று துருவோடு நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஸ்பிரிட்டை யாரும் குடிக்கலை. இந்தக் கம்பி ஒருத்தர் மேல்கையோட பின்பக்கத்தைக் கிழிச்சிருக்கு. தன் கண்ணுக்கு எட்டாத இடம். அதான் கண்ணாடி, அதான் ஜன்னல் வெளிச்சம். ஸ்பிரிட்டை ஊத்திக் கழுவிட்டு, தானே தைச்சுக்கிட்டிருக்கார்."

"யாரு அத்தான்?"

"பிரிச்சியே, முடிச்சு எங்கேயாவது தட்டுச்சா?"

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். அப்போது நிதானத்தின் முகம் மாறியது. பிறந்ததிலிருந்து ஓடாத மனிதர், மூன்றே எட்டில் தையல்காரர் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, கையில முடிச்சை எங்கே வச்சீங்க?"

"உள்ளதான்," என்றார் தையல்காரர், பாதி வெட்கமும் பாதி பெருமையுமாக. "வெளிய தெரிஞ்சா அது தையலா?"

கம்பளிச் சட்டையைக் கழற்றினார்கள். முழங்கைக்கு மேலே பன்னிரண்டு தையல், கோடு கிழித்த மாதிரி. அதற்கு மேல் கை தோள்வரை வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் அடுப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்று அம்மா கேட்டார். மூன்று வருஷம் முன்பு தையல்காரரின் மனைவிக்கு நெஞ்சு வலித்ததாம். அவசரப் பிரிவில் ஒரே இரவு. காலையில் வெறும் வாயு என்றார்களாம்.

"வாயுன்னு சொல்றதுக்கே என் வீட்டுத் தையல் மிஷின் போச்சு," என்றார். "ரத்தம்னா வீட்டையே கேப்பாங்க."

மூன்று நாளாக ஊசியைத் தேடிய அம்மா இப்போது வண்டிச் சாவியைத் தேடினார். மாலையோடு வேலை போகவிருந்த பாலிஷ்காரன்தான் தையல்காரரை முதுகில் தூக்கிப் போய் வண்டியில் ஏற்றினான்.

அவசரப் பிரிவில் முன்பணம் என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை. பெரிய டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துத் தையலைப் பார்த்தார். மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பன்னிரண்டு தையலையும் பிரித்து, உள்ளே சீழ் கட்டியிருந்த முடிச்சுகளை எடுத்துக் கையைக் காப்பாற்றினார். பில் போடவில்லை. இரண்டு சின்ன டாக்டர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். ஒரே மாதத்தில் தையல்காரர் பழைய இடத்தில், தலைக்குமேல் ஃபேன் சுற்ற, சோபா தைத்துக்கொண்டிருந்தார்.

அத்தனையும் சத்தியம். அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை, ஊசி காணாமல் போவதற்கு முந்தைய வருஷமே மூடிவிட்டார்கள்.