பாதி வாடகை வீடு

அந்த வீட்டை என் கணவர் எனக்கு வீடியோவில்தான் சுற்றிக் காட்டினார். மூன்றாவது மாடி, நடையின் கடைசிக் கதவு, ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். நண்பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஈரத்துணி நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக் காட்டினார்.

"வாடகை மத்த வீட்டுல பாதிதான். இதுக்கு மேல என்ன வேணும்?"

அவருடைய கம்பெனி ஒரு நாட்டில், அவர் இன்னொரு நாட்டில், நானும் குட்டியும் வேறொரு நாட்டில். லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் வேலை செய்யலாம். மலிவான ஊராகப் பார்த்துத் தங்கினால் சொந்த வீட்டுக்குப் பணம் சேரும். இதுதான் அவர் போட்ட கணக்கு. ஆனால் இவரைப் போன்றவர்கள் போய் இறங்கும் ஊரிலெல்லாம் வாடகை கிடுகிடுவென ஏறிவிடும். உடனே மூட்டையைக் கட்டுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்று வயதுக் குட்டிக்கு அப்பா என்றால் ஒரு கண்ணாடித் திரை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா அவரிடம் ஒன்று சொன்னாளாம். "முன்னாடி இருந்தவரும் உங்களை மாதிரிதான். கதவையே திறக்க மாட்டார்." அவர் எங்கே போனார் என்று இவர் கேட்டதற்கு, சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாளாம்.

மீட்டிங்கில் கேமராவை அணைக்கக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. இவர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். அந்த அறையில் உட்கார்ந்து, தான் தலையாட்டுவதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். மீட்டிங் நேரத்தில் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சமைக்கப் போய்விடுவார். "ஒருத்தனும் கண்டுபிடிக்கல" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு ஞாயிறு மதியம் டேப்லெட்டில் அவருடைய வீடியோ அழைப்பு வந்தது. குட்டி தான் வரைந்த பூனையைக் காட்டினாள். அவர் தலையாட்டினார். வால் எங்கே என்று அவளைச் சீண்டவில்லை. காதைச் சொறிந்தார், தலையாட்டினார், மறுபடி காதைச் சொறிந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"எங்ககிட்டயுமா இந்த வேலை?"

தலையாட்டினார்.

அப்போது என் செல்போன் அடித்தது. எடுத்தேன். அவர்தான்.

"கடைக்கு வந்தேன். குட்டி முழிச்சுட்டாளா?"

"லேப்டாப்பை ஓடவிட்டுட்டு வந்தீங்களா? இங்க நீங்க தலையாட்டிக்கிட்டிருக்கீங்க."

"என்ன உளர்ற? லேப்டாப் என் தோள்ல தொங்குது. மூடித்தான் இருக்கு."

டேப்லெட்டில் தலையாட்டல் நின்றது.

அது என்னைப் பார்த்தது.

"போன்ல யாரு?" என்றது. அவர் குரல்தான்.

குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டு செல்போனில் கிசுகிசுத்தேன். "வீட்டுக்குப் போகாதீங்க. அப்படியே கிளம்பி இங்க வந்துடுங்க."

"பாஸ்போர்ட் உள்ள இருக்கும்மா. பட்டப்பகல்ல என்ன பயம்? இதோ, மாடி ஏறிட்டேன்."

அவர் பூட்டில் சாவியைத் திருப்புவது கேட்டது.

டேப்லெட்டில் அது எழுந்தது. கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றது.

"உள்ள போகாதீங்க."

கதவு திறந்தது.

இரண்டு அழைப்புகளும் ஒன்றாக அறுந்தன.

அதன் பிறகு நான் அடித்த போன் எதையும் அவர் எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. வாரக் கடைசியில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். "இனிமே எங்கயும் போகமாட்டேன்" என்றார். கட்டிப்பிடித்து அழுது தீர்த்தேன். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

மறுநாள் மதியம் அவர் கூடத்தில் குட்டிக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தார். என் செல்போன் அடித்தது. திரையில் அவருடைய எண்.

"எனக்கு மட்டும் கதவு திறக்கமாட்டேங்குது. வீட்டுக்காரம்மா புதுசா ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டினா. காதுக்குள்ள கத்தினேன், ரெண்டு பேருமே திரும்பல. நான் பேசறது உனக்காவது கேக்குதா? கேக்குதுன்னு சொல்லும்மா."

மூக்கை உறிஞ்சினார். என்னோடு குடும்பம் நடத்தியவர் எப்படி அழுவார் என்று எனக்குத் தெரியாதா?

கூடத்தில் ஊட்டுவது நின்றிருந்தது. அது குட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அதன் விரல்கள் அவள் கழுத்தை மெதுவாகத் தடவின.

"ராங் நம்பர்" என்றேன்.

இப்போதும் தினமும் அழைக்கிறார். என் எண்ணை மாற்றிவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றது. மணி அடித்ததும் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அதுவே போனை எடுத்து வந்து என்னிடம் நீட்டுகிறது.

"எடும்மா. சொல்லு."