ஒஸ்கார் ஏழு, பதில் சொல்லவும்

கேரம் டவுன்ஸ் புறநகரில் இருந்த அந்தப் பழைய பலகை வீட்டுக்கு அவர்கள் குடிவந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. யதுர்சன் பெட்டிகளை இறக்கினான். அவன் மனைவி லக்சிகா முதலில் குழந்தையின் அறையைத்தான் ஒழுங்குபடுத்தினாள். தொட்டிலருகே பேபி மொனிற்றரின் ஒரு பாதியைப் பொருத்தி, மறுபாதியைக் குசினிக்குள் வைத்தாள். குழந்தை ராகவி மூச்சு விடுவதுகூட அதில் கேட்கும்.

"வீடு ஒரு மாதிரி மணக்குது, என்ன?"

"இந்த வாடகைக்கு மணம் மட்டும்தான் தருவாங்கள். பேய் வேணுமெண்டால் கூடக் கட்டவேணும்."

அவன் பகிடி விட்டு மாதக்கணக்காகிவிட்டது. உள்நாட்டுப் போரில் சிதைந்த ஓர் ஆபிரிக்க நாட்டில், சர்வதேச அமைதிப்படை முகாமொன்றில் தொலைத்தொடர்பு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அங்கே நடந்ததைப் பற்றி வாய் திறப்பதில்லை.

குளிர்காலம். தேநீர் வேளைக்கே இருட்டிவிட்டது. லக்சிகா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மொனிற்றர் இரைந்தது. இரைச்சலுக்குள் ஓர் ஆண்குரல். நிதானமான குரல்.

"ஒஸ்கார் ஏழு. ரேடியோ செக்."

யதுர்சனின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது.

"பக்கத்து வீட்டு மெஷின் ஏதும் குறுக்கால பேசுதாக்கும்," என்றவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "யது, என்ன?"

"ஒஸ்கார் ஏழு நான்தான். கூப்பிடுறது ஜோசப்."

மெதுவாகச் சொன்னான். முகாமில் மாலைதோறும் ஜோசப் என்ற உள்ளூர்க்காரர் ஒவ்வொருவரையும் அவரவர் அழைப்பு எண்ணைச் சொல்லி வானொலியில் கூப்பிடுவார். பதில் சொன்னால், ஆள் அவர் கணக்கில் பத்திரம். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், ஆளை ஏற்றிவர ஜீப் போகும். கிளர்ச்சிக்காரர்கள் நெருங்கிய நாளில் வந்த விமானம் வெளிநாட்டவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டது. அதற்கு வழி சொல்ல ஜோசப் வானொலியோடு முகாமிலேயே நின்றுவிட்டார். முகாமை எரித்துவிட்டார்கள்.

"அப்ப அந்த மனுசன்..."

"இல்லை, லக்சி. உடம்பு கிடைச்சது."

"ஒஸ்கார் ஏழு. ரேடியோ செக்."

லக்சிகா மொனிற்றரின் வயரைப் பிடுங்கினாள்.

அதன் பச்சை விளக்கு அணையவில்லை.

"பதில் சொல்லாதேங்கோ," என்று கிசுகிசுத்தாள். "செத்த மனுசன்ர கணக்கில நீங்கள் சேரக்கூடாது. கும்பிட்டுக் கேக்கிறன்."

மூன்றாவது அழைப்பும் வந்து போயிற்று. இருவரும் அசையவில்லை.

வெளியே ஓர் எஞ்சின் உறுமியது.

டீசல் மணம் உள்ளே நுழைந்தது. அதோடு ஏதோ கருகிய மணம். திரைச்சீலையில் ஏறிய மஞ்சள் வெளிச்சம் குசினிச் சுவரில் ஊர்ந்து, ராகவியின் அறைக்கதவில் போய் நின்றது.

ஜீப்பின் கதவு திறந்தது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

ஈரச் சரளையில் காலடிகள். அவை முன்வாசலுக்கு வரவில்லை.

குழந்தையின் சன்னல் பக்கம் போயின.

யதுர்சன் பாய்ந்து மொனிற்றரின் பேசும் பொத்தானை அழுத்தினான். "ஒஸ்கார் ஏழு. இருக்கிறன்!"

காலடிகள் நின்றன.

"நன்றி, ஒஸ்கார் ஏழு." ஒரு சின்ன இரைச்சல். "ஒஸ்கார் எட்டு. ரேடியோ செக்."

"எட்டு ஆர்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை. நாங்கள் ஏழு பேர்தான் இருந்தனாங்கள்."

சரளை மறுபடியும் நெரிபட்டது. சன்னல் கண்ணாடியில் ஏதோ உரசியது.

லக்சிகா அவன் கையிலிருந்து மொனிற்றரைப் பறித்தாள். "எட்டு நான். நான் இருக்கிறன், ஐயா. கூட்டிக்கொண்டு போறதெண்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளையை விடுங்கோ."

"நன்றி, ஒஸ்கார் எட்டு."

எஞ்சின் அடங்கியது. வெளிச்சம் மறைந்தது.

இருவரும் அறைக்குள் ஓடினார்கள். சன்னல் பூட்டியபடியே இருந்தது. ராகவி தொட்டில் கம்பியைப் பிடித்தபடி இருட்டில் எழுந்து நின்றாள். இன்னும் 'அம்மா' என்றுகூடச் சொல்லத் தொடங்காத பிள்ளை. தாயும் தகப்பனும் வந்ததை அவள் கவனிக்கவில்லை. தன் தலைமாட்டில் எரிந்த மொனிற்றரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒஸ்கார் ஒன்பது," என்றது குரல். இம்முறை மிக மெல்ல, கொஞ்சுவதுபோல.

பதில் சொல்ல ராகவி வாய் திறந்தாள்.