பத்தொன்பதாம் வருஷ அப்ரண்டிஸ்

காலை ஏழு மணிக்குத் தர்ஷிகா, சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைக் கையில் எடுத்தால், நாலு மணிக்குள் ஆறடிச் சுவர் ஒன்று எழுந்துவிடும். நாலரைக்கு இயந்திரக் கை வந்து அதை இடித்து, செங்கல்லைத் தட்டித் துடைத்து, மறுநாளைக்கு அடுக்கி வைத்துவிட்டுப் போகும். பெருந்துறைக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த பிரசவ மருத்துவமனையின் பின்புறம் அன்றாடம் இந்தக் கூத்துத்தான். அவளும் இன்னும் பதினொரு பேரும் அங்கே பயிலுநர்கள். தர்ஷிகாவுக்கு நாற்பத்தாறு வயது, தளம் தளமாக மாறி வந்தவள். பத்தொன்பதாம் வருஷ அப்ரண்டிஸ்.

உண்மையான கட்டடத்தைக் கட்டியது வார்ப்பான். தளத்தில் பிரிண்டர் என்றே சொல்வார்கள். கலவையைக் கக்கிக் கக்கி ஒரே வாரத்தில் ஒரு மாடியை எழுப்பிவிடும். மனிதக் கைக்கு அங்கே வேலையே கிடையாது. ஆனால் அரசுச் சலுகை வாங்கும் கட்டடம் எதுவானாலும் பயிலுநர்களை வைத்துத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், குறை சொல்வதற்கில்லை. கற்று முடித்தவர்களுக்கு வேலை தரவேண்டும் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள், புண்ணியவான்கள். தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து ஒருவர் பயிலுநர் ஆகமாட்டார். பயிலுநர் ஆகாதவருக்கு வாசல் திறக்காது.

அதனால் வருஷாவருஷம் சித்திரையில் ஒரு வேடிக்கை நடக்கும். அன்று தேர்வு. அளவுக்கண் என்கிற சென்சார், சுவரை மேலிருந்து கீழ்வரை அளக்கும். மூன்று மில்லிமீட்டருக்குள் நேராக இருந்தால் தேர்ச்சி. எனவே அன்று எல்லோரும் சாய்த்தே கட்டுவார்கள். வேண்டுமென்றே சாய்த்தது என்று தெரியாமல் சாய்க்க, நேராகக் கட்டுவதைவிடக் கைப்பழக்கம் அதிகம் வேண்டும். தர்ஷிகா அதில் கெட்டிக்காரி. மகள் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். இந்தச் சம்பளத்தை விட்டால் அவளைப் படிக்கவைக்க வேறு நாதியில்லை.

திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கையில் வார்ப்பான் படுத்துக்கொண்டது. குறைமாதக் குழந்தைகள் அறையில் ஒரு சுவர் பாக்கி. தள இன்ஜினியர் நிதர்சன் வியர்த்துப்போய் ஓடிவந்தான்.

"அக்கா, அந்த ஒரு செவுர நீங்க கட்டித் தரோணும். இது இடிக்கற செவுரில்லீங்க, நிக்கப்போறது."

"அளவுக்கண்ணு அளந்தா எந்த நாளும் பரீச்சதானுங்களே. இதையும் பாக்குமில்லைங்க சார்?"

"பாக்கும். நீங்க அஞ்சு மில்லி சாய்ச்சுக் கட்டிருங்க. பத்து வரைக்கும் கட்டடத்துக்குப் பரவால்லைன்னு விதி இருக்குது. செவுரும் பாஸாயிரும், நீங்களும் பெயிலாயிருவீங்க. புரியுதுங்களா?"

"புரியாம என்னங்க. பத்தொம்பது வருசமா அதத்தான படிச்சிட்டிருக்கறேன்."

சொன்னபடியே சாய்த்து ஐந்து வரி செங்கல் வைத்தாள். கூடக் கலவை குழைத்துக் கொடுத்தவன் லோகித், அவளைவிட நாலு வயது இளையவன், அவனும் பயிலுநர்தான். ஆறாம் வரிக்குக் கல்லை நீட்டினான். தர்ஷிகா வாங்கவில்லை. இந்தப் பூமியில் அவள் கட்டியது என்று ஒரு கல்மேல் கல் நின்றதில்லை. நிற்கப்போவது இது ஒன்றுதான், இதையும் கோணலாகவா விட்டுப்போவது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கரண்டியால் ஐந்து வரியையும் பெயர்த்தாள்.

"அக்கா, கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு? பாஸாயிருவீங்கக்கா!" லோகித் பதறினான்.

"ஆனா ஆவட்டும் போ. கல்ல எடு."

மறுநாள் சாயங்காலம் அளவுக்கண் சுவரின்மேல் மெதுவாக இறங்கி வந்தது. "பிழை பூஜ்யம். கொத்தனார் தர்ஷிகா, வாழ்த்துகள்" என்றது. யாரும் கை தட்டவில்லை. பதினொரு பேரும் இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை வாசல் அவளுக்குத் திறக்கவில்லை. நிதர்சன்தான் வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"ஈரோட்டுல ஒயரிங் அப்ரண்டிஸ் எடுக்கறாங்கக்கா. மொதல் வருசம். ஆனா எந்தக் கட்டட வேலையிலயும் தேர்ச்சி இருக்கப்படாது."

"எனக்குத்தான் இருக்குதுங்களே சார்."

"இல்லைன்னு வாயால சொல்லிப் பதிஞ்சுட்டாப் போதும். அந்தச் செவுர பிரிண்டர் கட்டுனதா மாத்திக்குவாங்க."

மருத்துவமனையில் ரிப்பன் வெட்டிய அதே நேரத்தில், ஈரோட்டு அலுவலகத்தில் தர்ஷிகா குரல்பதிவுப் பெட்டியின் முன் நின்றாள். ஒரே வாக்கியம்தான். திரையில் எழுதியே வைத்திருந்தார்கள்.

"நான் இதுவரை எந்தச் சுவரும் கட்டியதில்லை."

பாதிவரை சொல்லிவிட்டு மிச்சத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். தெளிவாக இல்லை, மீண்டும் சொல்லவும் என்றது பெட்டி. பின்னால் வரிசையில் நின்றவர் "சீக்கிரம் ஆவட்டும்ங்கம்மா" என்றார். மேல்சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் முறை ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னாள். பெட்டி ஏற்றுக்கொண்டது.