தக்ஷிகாவின் அறைக்குப் போகும் கம்பி

வீடு முழுவதிலும் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மீற்றரில் எண் பூச்சியத்துக்கு இறங்கவில்லை.

பிரியந்தன் நெற்றி விளக்கோடு நிலவறையில், திறந்து வைத்த மின்பலகையின் முன் நின்றான். பெரிய பிரேக்கரைத் தன் கையாலேயே கீழே இழுத்திருந்தான். குளிர்சாதனப் பெட்டியின் முனகல், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் பெருமூச்சு, சுவர்களுக்குள் எந்நேரமும் இருந்தும் அதுவரை அவன் அறியாத மெல்லிய இரைச்சல் யாவும் அடங்கி, பனி பெய்யும் மில்லிக்கன் தெருவின் நிசப்தம் உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. ஆயினும், ஒரு கம்பியைக் கவ்வியிருந்த மீற்றர் அதில் மின்சாரம் ஓடுவதாகக் காட்டியது. அது மகள் தக்ஷிகாவின் அறைக்குப் போகும் கம்பி.

மின்சாரக் கார்களுக்குச் சார்ஜர் பூட்ட எலெக்ட்ரீஷியன்களைப் பழக்கும் வகுப்பில் கொடுத்த பயிற்சி இது. சொந்த வீட்டின் மின்சாரத்தை முதலில் நிறுத்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு கம்பிக்கும் உயிர்கொடுத்து, வீடு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளக்க வேண்டும்.

"கழுதையின்ரை முதுகிலை என்ன கிடக்குது எண்டு பாராமல் இன்னொரு மூட்டையை ஏத்தாதை, தம்பி," என்று பயிற்றுநர் வின்சன்ற் சொல்லியிருந்தார். "பிறகு கழுதை படுக்காது. பத்தி எரியும்!" வகுப்பே சிரித்தது.

மனைவி நிரூபா கேட்டது ஒன்றுதான். "பிள்ளையின்ரை அறை லைற்றை மட்டும் நூக்காதேங்கோ."

இருட்டென்றால் அலறும் பிள்ளை. மருத்துவமனைக் கட்டிலிலும் விளக்கை அணைக்க விடாமலே கண்ணை மூடியவள். அவள் போன பிறகும் அவளுடைய சின்ன விளக்கு இரவும் பகலும் எரிந்தது. அந்த வீட்டில் அவளுக்காகச் செய்ய அது ஒன்றே மிச்சமிருந்தது. நிரூபா வேலையால் வருவதற்குள், சற்று நேரம் மட்டும் என்று, பிரியந்தன் அதை அணைத்துவிட்டான்.

மீற்றர் பழுதாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த கம்பியில் மாட்டிப் பார்த்தான். பூச்சியம். மீண்டும் அவளுடைய கம்பி. இப்போது அதுவும் பூச்சியம். மூச்சு விட்டான். பிறகு, ஏனென்று அறியாமலே, மேல்மாடி நடையின் கம்பியைக் கவ்வினான்.

எண் அங்கே இருந்தது.

மேலே ஒரு தரைப்பலகை மெல்லக் கிறீச்சிட்டது.

மாடிப்படிக் கம்பி. எண். சமையலறைக் கம்பி. எண். மருந்தும் தோடம்பழத் தோலும் கலந்த, அவள் கிடந்த மருத்துவமனை வார்ட்டின் மணம் இறங்கி வந்தது. நிலவறைக் கம்பி ஒன்றே மீதி. அதைத் தொடக் கை மறுத்தது.

தேடி வருகிறாள். இருட்டில். அவன் உண்டாக்கிய இருட்டில்.

பெரிய பிரேக்கரை நோக்கிக் கை பாய்ந்தது.

"வேண்டாம், அப்பா."

முதுகுக்குப் பின்னால். மிக அருகில்.

"குஞ்சு... பயப்பிடாதை. அப்பா இப்ப லைற் போடுறன்."

"போடாதேங்கோ. தலையிலை கிடக்கிறதையும் நூத்துவிடுங்கோ. என்னைப் பாத்தால் நீங்கள் பயப்பிடுவியள்."

அவன் நெற்றி விளக்கை அணைத்தான். திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டினான். சின்ன விரல்கள் அவனுடைய சுட்டுவிரலைப் பற்றின. ஈரம். குளிர்.

"இப்ப இருட்டுக்குப் பயமில்லையோ, குஞ்சு?"

"பழகிட்டுது, அப்பா."

அவன் சத்தமில்லாமல் அழுதான்.

வாசற்கதவு திறந்தது. "இஞ்சேருங்கோ! ஏன் வீடு இருண்டு கிடக்கு? பிள்ளையின்ரை லைற்றையும் நூத்துப்போட்டியளோ?" நிரூபாவின் குரல் உடைந்தது. கைப்பேசி வெளிச்சம் படிகளில் இறங்கத் தொடங்கியது.

"அம்மாவை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ."

வாயைத் திறந்தான். அதற்குள் காலடிகள் கீழே வந்துவிட்டன.

கடைசிப் படியில் நிரூபா நின்றாள். வெளிச்சம் அவன் தோளைக் கடந்து, பின்னால் விழுந்து, அங்கேயே நிலைத்தது.

தாயின் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி. அது முகம் முழுவதும் மலர்ந்தது. பிறகு, கண்களிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது.

பிரியந்தனின் விரலைப் பற்றியிருந்த கை இறுகியது.